திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு முழுவதும் ஹாலிவுட்டின் பழைய 'ஸ்க்ரூபால்' நகைச்சுவைப் படங்களையே திரையிட்டோம். உலக சினிமா பார்க்கும் சங்கத்துக்குச் சிரிப்புப் படம் எதற்கு என்று அன்று ஓர் உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார். அவர் ஒரு காட்சியைக்கூடத் தவறவிடவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

பெயர்க் காரணம் பலமுறை கேட்கப்பட்டது. பேஸ்பாலில் வழக்கமான வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து ஸ்க்ரூபால். 1930களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பெல் அதை வீசுவதில் பேர்போனவர். கிரிக்கெட் பார்ப்பவர்கள் கூக்ளியை நினைத்துக்கொண்டால் போதும். இப்படங்களின் கதாநாயகிகளும் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாதவர்களே.

முதலில் திரையிட்டது, ஃபிராங்க் காப்ரா இயக்கி 1934 பிப்ரவரியில் வெளியான 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற மக்கள், கோடீஸ்வரர் மகள் ஒருத்தி பேருந்தில் இடிபட்டு, வேலை போன நிருபரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதை ரசித்துப் பார்த்தார்கள். படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஒரே அறையில் தங்க நேரும் இருவருக்கும் நடுவே கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்கு பைபிளில் வரும் கோட்டைச் சுவரான 'எரிகோவின் மதில்' என்று நிருபர் பெயர் வைக்கும் காட்சியைப் பற்றி மட்டும் நம் கூட்டத்தில் வெகுநேரம் பேசினோம். அதே ஆண்டு ஜூலை முதல் ஹாலிவுட்டின் தணிக்கைப் பொறுப்பாளர் ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் தணிக்கை விதிகள் கடுமையாயின. அதன்பின் கட்டியணைக்க முடியாத காதலர்கள் சண்டை போட்டார்கள், துரத்தினார்கள், தடுக்கி விழுந்தார்கள். இவ்வகைப் படங்களின் சிரிப்பில் பெரும்பகுதி அந்தக் கம்பளிக்கு இரு புறமும் விளைந்தது என்பதே என் கருத்து. இதே கதையைத் தழுவி நம் ஏவி.எம். நிறுவனம் 1956இல் 'சோரி சோரி' என்ற இந்திப் படத்தைத் தயாரித்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

1936இல் வந்த 'மை மேன் காட்ஃப்ரே'யைத் திரையிட்ட அன்று மழை, வந்தவர்கள் சிலரே. ஹோவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி'க்கு (1938) அரங்கு நிறைந்தது. டைனோசர் எலும்பைத் தேடும் விஞ்ஞானியையும் சிறுத்தை வளர்க்கும் பெண்ணையும் கண்டு நம்மவர்கள் குலுங்கிச் சிரித்த இப்படம், வெளியான காலத்தில் நஷ்டமடைந்தது. படத்தில் எல்லோருமே கிறுக்கர்களாகிவிட்டதுதான் தவறு என்று ஹாக்ஸே பின்னாளில் சொன்னார். நம் உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை.

அவருடைய 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' (1940) நமக்குச் சோதனையாக அமைந்தது. மூல நாடகத்தில் ஆணாக இருந்த நிருபரை, பத்திரிகை ஆசிரியரின் முன்னாள் மனைவியாக மாற்றியதால், வேலைச் சண்டையே காதலாகிவிடுகிறது. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் பேசத் தொடங்குவார் என்பதால், வசனத்தின் முன்னும் பின்னும் இழந்தாலும் பொருள் கெடாத சொற்களைச் சேர்த்து எழுதினார்கள். நம் உறுப்பினர்கள் தமிழில் தயாரித்த வசன வரிகளில் (சப்டைட்டில்) எந்தச் சொல்லை விடலாம் என்பது பிடிபடாமல், ஒரு நகைச்சுவையைப் படித்து முடிப்பதற்குள் மூன்று கடந்துபோயின. தவறு செயலாளருடையது; வேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் அனுமதித்தேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்கு பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்' (1941) படத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு வசன வரி எழுத முன்வருவோர் இம்மாத இறுதிக்குள் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். இம்முறை சிறுத்தை இல்லை, பாம்பு உண்டு என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்