மனோராவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கப்போகிறவர்களுக்கு

தமிழ்நாடு வனத்துறைக்கும், பாக் விரிகுடாவில் கடல் பாலூட்டிகளை ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

சேதுபாவாசத்திரம் பக்கத்தில் ஒரு மீனவ ஊர் என்னுடையது. அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். கடல் உயிரியலில் முதுகலை முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

2022 செப்டம்பரில் எங்கள் கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடல் புல் மேயும் பாலூட்டியான கடல் பசுவுக்கு, நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் பிராணிக்கு, நாட்டின் முதல் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தபோது ஊரில் பலருக்குப் பயம்தான் வந்தது. "இனி தொழிலுக்குப் போக விடுவாங்களா?" என்பதே பேச்சாக இருந்தது. எனக்கோ அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. எங்கள் கரையில் உள்ள மனோராவில் பன்னாட்டுக் கடல் பசு பாதுகாப்பு மையம் வரப்போகிறது என்ற செய்தியைக் கேட்டதும், நான் படித்த படிப்புக்குச் சொந்த ஊரிலேயே வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அங்கே நீங்கள் பயிற்சி மாணவர்களை எடுப்பீர்கள். எடுக்கும் முன் ஒரு விஷயத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படிப்பு முடித்ததும் ஓர் அமைப்பில் மூன்று மாதக் களப்பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மட்டும் அப்படி நடந்துகொள்ளவில்லை, இந்தத் துறையின் வழக்கமே அதுதான். உதவித்தொகை கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் நம் செலவு. மடிக்கணினி நம்முடையதாக இருக்க வேண்டும். ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு மூழ்கும் பயிற்சிக்கான சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை. நடக்கத் தெரிந்த வயதிலிருந்தே கடலில் நீந்துகிறவள் நான், ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. நேர்காணல் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. உலகத்தில் பல இடங்களில் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) ஆய்வுக்குப் போகும் பயிற்சி மாணவர்களே அமைப்புக்குப் பணம் கட்டிச் சேர்கிறார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். நம்மிடம் கட்டணம் வாங்கவில்லையே என்று நான் நிம்மதிப்பட வேண்டும் என்ற பொருளில் சொன்னார்கள். எப்படியோ இடம் கிடைத்தது. அம்மா தோட்டை அடகு வைத்தார்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடல் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை பங்கு கடல் புல் மூடியிருக்கிறது, எந்த வகைப் புல் என்று மூச்சடக்கிப் பார்த்து எழுதினேன். புல்வெளியின் நடுவே மொட்டையாக நீளும் கோடுகளை முதல்முறை நீருக்கடியில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆவுளியா வேரோடு பிடுங்கி மேய்ந்த தடம் அது. கரை ஒதுங்கிய உடல் ஒன்றை அளந்த நாளும் மறக்காது. வயிற்றின் வளைவில் நாடாவைப் படியவிடக் கூடாது, உடலுக்குப் பக்கத்தில் நேர்க்கோடாகப் பிடித்து மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை எடுக்க வேண்டும் என்று அங்கேதான் கற்றேன். துடுப்பின் அடியில் வலை இழை அறுத்த தழும்பைக் காட்டினார்கள். மூச்செடுக்க மேலே வர முடியாமல் வலையிலேயே முடிந்த உயிர்.

என் மனத்தில் முள்ளாகத் தங்கியது வேறு ஒரு நாள். காலை ஏழு மணி இருக்கும். படகில் ஐந்து பேர். நாங்கள் நால்வரும் தொலைநோக்கியோடு திசைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தோம். ஐந்தாமவர் படகோட்டி, எங்கள் ஊர் மாமா. திடீரென்று எஞ்சினை அணைத்தார். "அந்தாண்ட தண்ணி கலங்குது பாரு, அடியில மேயுது" என்றார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று நான்கு நிமிடம் கழித்து அதே இடத்தில் இரண்டு மூக்குத் துளைகள் மட்டும் மேலே வந்தன. புஸ்ஸென்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். மாலையில் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நேரம், இடம், காற்று, அலையின் நிலை, கடைசியில் 'கண்டவர்' என்ற கட்டம். மாமா பெயரை எழுதினேன். பயிற்சி பெற்ற பார்வையாளரின் பெயர்தான் வர வேண்டும் என்று சொல்லி, அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இன்றைக்கும் அந்தத் தாளில் என் பெயர்தான் இருக்கும்.

தரவுக்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியானால் அந்தப் பயிற்சியை அவருக்கும், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏன் கொடுக்கவில்லை?

இதில் ஆய்வுக்கே ஒரு நட்டம் இருக்கிறது. கடல் பசு கருவைச் சுமப்பது 13 முதல் 14 மாதம். ஈனுவது ஒரே ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு ஆகும். எழுபது வயது வரை வாழக்கூடிய பிராணி அது. அதைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு புது ஆளை அனுப்புகிறோம். அவருக்குத் துறைமுகம், படகு, புல் வகை எல்லாம் பிடிபடும் நேரத்தில் பை கட்டிக் கிளம்பிவிடுகிறார், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார். வெளியூரிலிருந்து வந்த தோழிகள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. என்னைவிட நன்றாக உழைத்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் பத்து வருடம் கழித்தும் இந்தக் கரையிலேயே இருக்கப்போகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. இந்திய வன உயிரின நிறுவனம் கடல் பசு மீட்புத் திட்டத்தில் மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தது, பள்ளியில் படிக்கும் மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் தந்தது. மனதார நன்றி. ஆனால் அதே பிள்ளை பட்டம் முடித்து வந்து நிற்கும்போது, உதவித்தொகை இல்லாத மூன்று மாதம்தான் அவளுக்குக் கிடைக்கிறது. அந்த மூன்று மாதம் இல்லாமல் அடுத்த ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நான் ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தேன். கையில் இருந்த பணம் அவ்வளவுதான். முழுக்காலம் முடிக்காததால் சான்றிதழும் இல்லை.

ஆகவே, மாதா மாதம் உதவித்தொகை கொடுங்கள். பெரிய தொகை வேண்டாம், அப்பாவின் வலைக் கடனோடு இன்னொரு கடன் சேராத அளவுக்கு இருந்தால் போதும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் முழுக்க நீளும் பயிற்சி இடங்களைத் தனியாக ஒதுக்குங்கள். வாடைக் காலத்தையும் கோடையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். குறுகிய பயிற்சி வைப்பதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு தடைக்காலத்தில் வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய விடுமுறை, விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர்களும் கரையில் இருப்பார்கள். நேர்காணலைத் தமிழில் நடத்துங்கள். ஸ்கூபா சான்றிதழ் கேட்பதைவிட, கடலில் நீந்தச் சொல்லிப் பாருங்கள். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும், படகோட்டி உட்பட, காப்பீடு எடுங்கள். பெண் பிள்ளைகள் தங்க ஓர் அறை ஏற்பாடு செய்யுங்கள், அது இல்லாமல் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

அறிவிப்பை இணையத்தில் மட்டும் போடாதீர்கள். மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி ஏலக்கூடங்களிலும் தமிழில் ஒட்டுங்கள். மாமாவின் மகள் இந்த வருடம் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் காலையில் மீன் கூடையோடு அம்மாவுக்குத் துணையாக அங்கே வருவாள். படிவத்தில் அந்தக் கட்டத்தையும் மாற்றிவிடுங்கள். முதலில் கண்டவர் பெயர் ஒரு வரி, பதிவு செய்தவர் பெயர் ஒரு வரி.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு மீனவர் மகள்