ஓரத்தில் பசை இல்லாத வால்பேப்பர்: நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
உற்பத்திப் பிரிவு மேலாளர்

பொருள்: பசை தடவிய ஃபோம் வால்பேப்பர் ரோல்களின் ஓரத்தில் பசை இல்லாதது, முந்தைய புகார்களுக்குச் சரியான பதில் வராதது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கடிதத்தை உற்பத்திப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புகிறேன். காரணம், கஸ்டமர் கேரில் இதுவரை என்னிடம் பேசியவர்களில் ஒருவர்கூட இந்த வால்பேப்பரைக் கையால் தொட்டுப் பார்த்தவராகத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்த யாராவது ஒருவர் படித்தால் போதும், அடுத்த பத்தியிலேயே விஷயம் புரிந்துவிடும்.

வால்பேப்பர் ஒட்டுவதுதான் என் தொழில். உங்கள் டீலரிடம் வாங்கிய ரோல்கள் எல்லாம் ஒரே பேட்ச், பின்பக்கத்தில் காய்ந்த பசையோடு வரும், தண்ணீரில் நனைத்து ஒட்டும் ரகம். உறையில் போட்டிருக்கிறபடி 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம். அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா ரோலிலும் பின்பக்கத்தின் ஒரு ஓரத்தில், ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்குப் பசையே கிடையாது. ரோலின் தொடக்கத்திலும் இல்லை, கடைசி வரையிலும் இல்லை. காய்ந்த தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பசை உள்ள இடம் லேசாக மினுங்குகிறது, அந்த ஓரம் மட்டும் வெறும் காகிதமாக மங்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தது போல ஒரே கோடு. நனைத்துத் தடவினால் இன்னும் தெளிவு: நடுவில் வழவழவென்று இருக்கிறது, ஓரத்தில் ஈரக் காகிதம் மட்டும்.

அவ்வளவுதான் புகார். இதற்காகத்தான் இத்தனை அலைச்சல்.

உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை, அழைப்புகளை நீங்களே பதிவு செய்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்காமலே அவர் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி இருக்குற ஸ்டிக்கர் பேப்பரை உரிச்சீங்களா சார்?" உரிப்பதற்கு அதில் எதுவும் இல்லை, இது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ரகம் என்றேன். "தண்ணியில யார் முக்கச் சொன்னா? முக்கினா கெட்டுத்தான் போகும்" என்றார். உங்கள் உறையிலேயே தண்ணீர்த் தொட்டியில் முக்கும் படம் போட்டிருக்கிறது ஐயா! அந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொன்னதற்கு, "எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம்" என்று அழைப்பைத் துண்டித்தார். தன் நிறுவனம் எதை விற்கிறது என்பதே தெரியாதவரைப் புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார வைத்தது யார்?

சரி, ஒருவர் அப்படி என்று விட்டிருப்பேன். பிறகு பேசிய எல்லோரும் அவர் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துத்தான் பேசினார்கள். "வாடிக்கையாளர் பொருளைத் தண்ணீரில் நனைத்துவிட்டார்" என்று அதில் இருக்கிறதாம். நனைத்து ஒட்டும் பொருளை நனைத்தது குற்றமாகிவிட்டது.

உங்கள் சேவை மையத்துக்குப் போன கதையையும் கேளுங்கள். சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு, இதில் சுவர்த் தூசி ஒட்டியிருக்கிறது, சோதனைக்கு ஆகாது, பிரிக்காத ரோல் வேண்டும் என்றார்கள். பிரிக்காத ரோலைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். "பிரிக்கவே இல்லையே, குறை இருக்கிறதென்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். அவர் கண் முன்னால் பிரித்துக் காட்டட்டுமா என்றால், பிரித்த ரோலைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார். இப்படி ஒரு விதியை எழுதியவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

கோபத்தில் வரிசை மாறிப் போகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

சுவரைக் குறை சொல்ல முடியாது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்டினேன். தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, தேவையான நீளத்துக்கு வெட்டி, பசைப் பக்கம் வெளியே வரும்படி தளர்வாகச் சுருட்டி, தொட்டியில் உறையில் சொன்ன நேரம் வைத்து, மெதுவாக மேலே இழுத்து ஒட்டியது. ஈரம் பட்டால் தாள் அகலத்தில் சற்று விரியும், காயும்போது சுருங்கப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சுருங்கும் இழுப்பை ஓரத்தில் இருக்கிற பசைதான் தாங்க வேண்டும். அங்கே பசையே இல்லையென்றால் எது தாங்கும்? ஒட்டிய அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காயக் காய ஒவ்வொரு ஜாயின்டிலும் ஒரு பக்கம் மட்டும் உதடு விரிந்த மாதிரி எழும்பியது. கவனியுங்கள், ஒரு பக்கம் மட்டும். சுவர் ஈரமாக இருந்தால் இரண்டு பக்கமும் எழும்பியிருக்க வேண்டாமா?

நான் ஒட்டிக்கொடுத்தது ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறை. ஒரு முழு நீளத் துண்டு, நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே மேலிருந்து உரிந்து ஒருவர் தோளில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் என் பெயர் போனது. என் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள், இனி யார் என்னை நம்பிச் சுவரைக் கொடுப்பார்கள்? இத்தனை காலம் சேர்த்த தொழிலை உங்கள் இரண்டு விரல் அகலம் அழித்துவிட்டது. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் சர்வீஸ் ஆள் ஒருவர் போனில் சொன்ன யோசனை: "ஜாயின்ட் மேல ரோலரை வச்சு நல்லா அழுத்துங்க, உக்காந்துடும்." ஃபோம் வால்பேப்பரில் ரோலரை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் நுண்ணிய குமிழிகள் நசுங்கி, ஜாயின்ட் முழுக்கப் பளபளவென்று ஒரு பட்டை விழும், அது திரும்ப எழும்பாது. நிறுவனமே சொல்கிறதே என்று ஒரு மூலையில் மட்டும் செய்து பார்த்தேன். பட்டை விழுந்தது. படம் இணைத்திருக்கிறேன். அடுத்து, ஓரத்துக்கு வைக்க ஒரு ட்யூப் பசை இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார்கள். அறை முழுக்க ஒவ்வொரு ஜாயின்டையும் பிரித்து, ட்யூபைப் பிதுக்கி, பள்ளமும் மேடுமான ஃபோம் மேல் வழிகிற பசையைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். தனியாகப் பசை கலக்கும் வேலை வேண்டாம் என்றுதானே ஐயா இந்த ரகத்தை வாங்கினேன்!

உற்பத்திப் பிரிவுக்கு மட்டும் இந்தப் பகுதி. உங்கள் வேலையை உங்களுக்குச் சொல்லித்தருவதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஆட்கள் "உற்பத்தியில் தவறு நடக்க வாய்ப்பே இல்லை" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

தாளின் முன்பக்கத்தில் பிவிசி பிளாஸ்டிக் குழம்பைப் பூசி, குறைந்த சூட்டில் இறுகவைத்து, டிசைன் அச்சடித்து, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அடுப்புக்குள் விடுகிறீர்கள். குழம்பில் கலந்த அசோடைகார்பனமைடு அங்கே சிதைந்து, பெரும்பாலும் நைட்ரஜனாக வெளிவந்து, பூச்சை உப்ப வைக்கிறது. அந்தச் சூட்டைப் பின்பக்கத்து ஸ்டார்ச் பசை தாங்காது. கருகும், தண்ணீர் குடித்து ஊறும் குணம் போய்விடும். அதனால் ஃபோமை உப்பவைத்த பிறகு பசையைப் பூசுவதுதான் பாதுகாப்பு. அப்படிப் பூசும்போதும் சிக்கல் இல்லாமல் இல்லை. அழுத்திப் பூசினால் முன்பக்க ஃபோம் நசுங்கும், ஈரம் அதிகமானால் தாள் சுருளும், சரியாகக் காயாமல் சுற்றினால் பின்பக்கப் பசை அடுத்த சுற்றின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசிக் குறையும் என் ரோல் ஒன்றில் இருந்தது. பிரிக்கும்போது ஃபோம் பிய்ந்து வந்தது. அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது ஓரத்துக்கு வருவோம். அகலமான தாளில் பசை பூசும்போது இரண்டு விளிம்பிலும் கொஞ்சம் வெறுமையாக விடுவார்கள், இல்லாவிட்டால் பசை உருளையின் நுனியெல்லாம் அப்பிக்கொள்ளும். அந்த வெறும் விளிம்பைக் கடைசியில் கத்தி சீவித் தள்ளிவிடும். என் ரோல்களில் டிசைன் பக்கத்துக்குப் பக்கம் சரியாகப் பொருந்துகிறது. அப்படியானால் கத்தி சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறது. தாள் பசை பூசும் இடத்தில்தான் ஒரு பக்கமாக நகர்ந்து ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் பசை உள்ள இடத்தைக் கத்தி சீவியிருக்கிறது, மறுபக்கம் வெறும் காகிதம் மிஞ்சியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். அந்த பேட்ச் ஓடிய அன்று சீவித் தள்ளிய கழிவு இன்னும் கிடந்தால் அதைப் பார்த்தாலே தெரியும்.

இதற்கு இன்னொரு சான்றும் தந்தேன். உங்கள் உறையில் ஸ்டார்ச் பசை என்று போட்டிருப்பதால், நனைத்த ஒரு துண்டின் பின்பக்கத்தில் குறுக்காக அயோடின் தடவினேன். பசை உள்ள இடம் கருநீலமாக மாறியது. ஓரத்தில், காகிதத்திலேயே இருக்கும் சொற்ப ஸ்டார்ச்சுக்கு வருகிற வெளிறிய நிறம் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. படத்தை அனுப்பியதும் உங்களிடமிருந்து வந்த பதில், "எங்கள் பொருளின் மேல் ரசாயனம் ஊற்றியதால் உத்தரவாதம் ரத்தாகிறது." எழுதியது அதே ஸ்டிக்கர் பேப்பர் ஆள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சான்றிதழ் இருக்கிறது என்றும் சொன்னார்கள். வால்பேப்பர்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 15102 என்று உறையில் இருப்பதைப் பார்த்தேன். நெருப்பில் எப்படி நடந்துகொள்ளும், ஃபார்மால்டிஹைடு எவ்வளவு வெளியாகும், கன உலோகங்கள், வினைல் குளோரைடு, இவற்றுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. நல்லது, மகிழ்ச்சி. இந்த ரோலின் இந்த ஓரத்தில் பசை விழுந்ததா என்பதற்கு அந்தச் சான்றிதழ் எப்படிப் பதிலாகும்?

இன்னொன்றைச் சொல்லாமலே விட்டிருப்பேன், இப்போது சொல்கிறேன். ஒரே பேட்ச் எண் இருந்தும் சில ரோல்கள் மற்றவற்றைவிடத் தட்டையாக, லேசான மஞ்சளாக இருக்கின்றன. அசோடைகார்பனமைடு மஞ்சள் பொடி. முழுதாகச் சிதையாவிட்டால் அந்த நிறம் தங்கும், உப்பலும் குறையும். அன்று அடுப்பின் சூடோ ஓட்டத்தின் வேகமோ சீராக இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் சுவர் வரிவரியாகத் தெரிகிறது. எழும்பிய ஜாயின்ட்களின் உள்ளே கரும்புள்ளிகளும் வரத் தொடங்கிவிட்டன. வினைல் தாள் ஈரத்தை எளிதில் வெளியே விடாது என்பதால்தான் பசையில் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள். பசையே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

நான் கேட்பது அதிகமில்லை. இந்த பேட்ச் ரோல்கள் எல்லாவற்றையும், ஒட்டியது ஒட்டாதது பார்க்காமல், மாற்றித் தர வேண்டும். மாற்று ரோல்கள் ஒரே பேட்சாகவும் இருக்க வேண்டும், சுவரை உரித்து மறுபடி ஒட்டும் கூலியையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். "வாடிக்கையாளர் நனைத்துவிட்டார்" என்ற குறிப்பை என் புகாரிலிருந்து நீக்க வேண்டும். இது முக்கியம், பணத்தைவிட முக்கியம். உங்கள் பொருளை நான் வெறுப்பவன் அல்ல. முந்தைய பேட்ச்களைப் பல சுவர்களில் ஒட்டியிருக்கிறேன், ஒன்றும் பெயரவில்லை. அதனால்தான் இன்னும் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்துப்பூர்வமான பதில் இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அயோடின் படமும், ரோலரால் அழுத்தச் சொன்ன ஆலோசனையும், ஸ்டிக்கர் பேப்பர் உரையாடலும் அங்கே வரும். டீலரிடம் மீதமிருக்கும் அதே பேட்ச் ரோல்களை வாங்க வருகிறவர்களிடமும் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வேறு வழியை நீங்கள் விட்டுவைக்கவில்லை.

ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் பசை பூசும் இயந்திரத்தில் நின்றவர் யாரையாவது அனுப்புங்கள், மரியாதையாக வரவேற்கிறேன். பிரிக்காத ரோல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியும் தயாராக இருக்கும். அவர் கையாலேயே வெட்டி, அவரே நனைத்துப் பார்க்கட்டும். தயவுசெய்து அந்தக் கஸ்டமர் கேர் நபரை மட்டும் மறுபடி அழைக்கச் சொல்லாதீர்கள்.

இணைப்பு: உறையின் படம், பேட்ச் எண், அயோடின் தடவிய துண்டு, ரோலர் பட்டை விழுந்த மூலையின் படம், ரசீது நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்