கால்பந்து நூலை எடுத்தால் முதலில் 1950ஐப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வரலாற்று நூல்கள் பற்றிய தங்கள் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். தமிழ் இதழ் ஒன்றில் இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு வரி உறுத்துகிறது. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்காததால்தான் 1950 உலகக் கோப்பையில் இந்தியா ஆடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ நூல்களில் ஏறிவிட்ட தவறு இது. ஒரு நூலாசிரியர் ஆவணத்தைப் பார்த்து எழுதினாரா, காதில் விழுந்ததை எழுதினாரா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இந்தியா தேர்வானது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே உள்ள பிரிவில் இடமும் ஒதுக்கினார்கள். பயணச் செலவில் பெரும்பங்கை ஏற்க பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். அப்படியிருந்தும் பயிற்சிக்கு நாள் போதவில்லை, அணித் தேர்வில் ஒத்த கருத்து இல்லை என்று சொல்லி அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு விலகிக்கொண்டது. அன்றைக்கு நம்மவர்கள் பெரிதாக நினைத்தது ஒலிம்பிக்கைத்தான். உலகக் கோப்பையின் மதிப்பு உறைக்கவில்லை. அணித்தலைவர் சைலேன் மன்னாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்தும் துருக்கியும்கூட அந்த முறை போகவில்லை. மொத்தம் 13 அணிகளே ஆடின. வெறுங்கால்தான் தடை என்றால், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியது எப்படி? அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற முடிவுக்கு நம் கூட்டமைப்பே வந்தது.

இந்த வெறுங்கால் விஷயத்தை விரிவாக எழுதும் நூலே சமூக வரலாறு சொல்லும் நூல். 1863இல் இங்கிலாந்தில் எழுதிய விதிகளில் பூட்ஸ் பற்றி ஒரு விதி உண்டு. துருத்திய ஆணி, இரும்புத் தகடு, கட்டபெர்ச்சா எனும் கெட்டிப்பட்ட மரப்பால் ஆகியவை அடியிலோ குதிகாலிலோ இருக்கக் கூடாது என்பது மட்டுமே அதில் இருந்தது. பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கொல்கத்தா மைதானங்களில் வங்காளி இளைஞர்கள் கணுக்காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, எதிரே அடியில் ஸ்டட் எனும் குமிழ்கள் வைத்த பூட்ஸ் அணிந்த பிரிட்டிஷ் பட்டாள அணிகளோடு மோதினார்கள். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு வேகமும் பந்தின் மீது பிடியும் அதிகம். மழை பிடித்துவிட்டால் கதை தலைகீழ். அங்கே கால்பந்துப் பருவமே மழைக்காலத்தை ஒட்டித்தான். சேற்றில் ஸ்டட் ஊன்றி நிற்கும், வெறுங்கால் வழுக்கும். லேஸ் கட்டிய தோல் பந்தோ தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். விதிப்படி பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ். 1937இல் அது 14 முதல் 16 என்று ஏறியது. இது ஆட்டம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடை மட்டுமே. மழைநாளுக்குப் பூட்ஸைப் பழக்கிய கொல்கத்தா கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் பட்டியலாகத் தந்தால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

அடுத்து 1911 ஜூலை 29. கொல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பைப் போட்டியின் இறுதியில் மோகன் பகான் கிளப், பிரிட்டிஷ் பட்டாள அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்றது. முதலில் கோல் வாங்கி, பிறகு ஷிப்தாஸ் பாதுரி, அபிலாஷ் கோஷ் அடித்த கோல்களால் வந்த வெற்றி. பதினொருவரில் சுதிர் சாட்டர்ஜி மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். மைதானத்தை எட்ட முடியாமல் நின்ற கூட்டத்துக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் நிலவரம் சொன்னார்கள். இதுவரை நூல்கள் ஒத்துப்போகின்றன. அடுத்த அடிதான் சறுக்கல். டிசம்பர் 12இல் வங்கப் பிரிவினை ரத்தானதற்கு இந்த வெற்றியே காரணம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். நான்கரை மாத இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன என்பது ஒன்று. ஒன்றால் மற்றது நடந்தது என்பது வேறு. பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி 1905 முதலே நடந்துவந்தது.

நம் பக்கத்து வாசகருக்கு நெருக்கமான ஒரு பகுதியும் தங்கள் கட்டுரையில் விடுபட்டுப்போனது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தங்கள் ஊராகவே நினைத்தார்கள். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய முன்வரிசை, வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, அகமது கான், தன்ராஜ் என்று தெற்கிலிருந்து போன ஐவர். 'பஞ்ச பாண்டவர்' என்றே பெயர். ஹெல்சிங்கியில் நமக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் இந்த அகமது கான்தான்.

பிரேசிலைப் பற்றித் தாங்கள் எழுதியதில் குறை சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்திருக்கலாம். 1923இல் கறுப்பின, ஏழைத் தொழிலாளி ஆட்டக்காரர்களோடு வாஸ்கோ ட காமா என்ற கிளப் ரியோவில் பட்டம் வென்றதும், பெரிய கிளப்புகள் தனி லீக் தொடங்கி, பன்னிரண்டு பேரை நீக்கினால்தான் சேர்ப்போம் என்றன. ஆட்டக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியும் வடிகட்டத்தான் பயன்பட்டது. 1924 ஏப்ரலில் வாஸ்கோ அதை மறுத்துக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 1921 டிசம்பரில் பெண்கள் ஆட்டத்துக்குக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களை மூடியதற்கும் தீர்மானத்தின் வாசகமே இருக்கிறது. இத்தகைய மூல ஆவணங்களை எடுத்துக்காட்டும் நூல்களையே வாசகர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இனி நூல் அறிமுகம் எழுதும்போது விலை, பக்க எண்ணிக்கையோடு பெயரகராதி இருக்கிறதா, செய்தித்தாள் எந்த நாளிட்டது என்று அடிக்குறிப்பு சொல்கிறதா என்பதையும் குறிப்பிடுங்கள். பெயரகராதி இல்லாத 600 பக்க நூலில் ஒரு ஆட்டக்காரரின் பெயரைத் தேடுவது பெரும்பாடு. 1950 பற்றிய வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடவும் வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளும் பள்ளி மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்