ஊரில் இல்லாதவர் பெயரை ஊரை விட்டுப் போனவர் என்று நீக்க வேண்டாம்: தேவிகுளம் தோட்டத் தமிழர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
இடுக்கி மாவட்டம், பைனாவு.

நாள்: ஜனவரி 2026

பொருள்: வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் – தோட்டத் தொழிலாளர்கள், வெளிநாட்டில் வேலை செய்யும் அவர்களின் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் விடுபட்டது – நேரில் விசாரித்துச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. எங்களுக்கு மலையாளம் நன்றாகவே பேச வரும். ஆனால் உரிமையைக் கேட்டுக் கொடுக்கும் தாளில் ஒரு சொல் பிசகினாலும் அது எங்கள் தலையில்தான் விடியும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறோம்.

2025 டிசம்பர் 23 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் கேரளம் முழுவதும் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்களின் பெயர் போனதில் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் தேனிப் பக்கமும் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18 பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. எந்த இடம் வேண்டும் என்று அவர்களைக் கேட்டு மற்றதை நீக்கட்டும். எங்கள் முறையீடு வேறு. எங்கும் குடிபெயராதவர்களின் பெயர்களும் 'முகவரியில் இல்லை', 'நிரந்தரமாக இடம் மாறியவர்' என்ற கணக்கில் போயிருக்கின்றன.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறோம். லயத்தில் பகல் நேரத்தில் ஆள் இருப்பதில்லை. கணவனும் மனைவியும் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள், வீட்டில் கிழவி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பூட்டுதான். திருத்தத்துக்கான கணக்கெடுப்புப் படிவம் கொண்டுவந்த வாக்குச்சாவடி அலுவலர் வந்தது பகலில். தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) இன்னொரு டிவிஷனுக்குக் கம்பெனி மாற்றினால் லயத்தின் எண் மாறிவிடும். பட்டியலில் பழைய எண்ணே கிடக்கும். போடியில் சாவு, கம்பத்தில் திருவிழா, மகளின் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவிலில் ஒரு மாதம் என்று போய்வருவது இங்கே நான்கு தலைமுறைப் பழக்கம். அப்படிப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன "ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்ற ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் வாக்குரிமையையே எடுத்துவிட்டது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலிருந்து ஒருவர் தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே அங்கே குடியிருப்பவர் அல்லாமல் ஆகிவிட மாட்டார் என்கிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகி விடுவதில்லை என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரி எங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது கம்பெனி வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அந்த நாளுக்குப் பயந்து போடிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ இரண்டு சென்ட் வாங்கிச் சுவர் எழுப்பியவர்களை "உனக்கு அங்கே வீடு இருக்கிறதே" என்று கேட்கிறார்கள். அந்த வீட்டுக்கு இன்னும் கதவுகூட வைக்கவில்லை, ஐயா.

அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். தோட்டக் கூலியில் குடும்பம் ஓடாது என்பதால் துபாய், கத்தார், சவூதி, மலேசியா என்று போனவர்கள் இல்லாத லயம் குறைவு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வாங்க வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்த முதலாளியிடம், என்ன வேலைக்கு என்பது வரை அரசு எழுதி வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறது. ஒரு பதிவேட்டில் இத்தனை விவரத்தோடு இருக்கும் ஆள், இன்னொரு பதிவேட்டில் காணாமற்போனவராக எப்படி ஆனார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. குடும்பத்தில் வயது வந்த ஒருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம் என்று தேர்தல் ஆணையத்தின் நடைமுறையே அனுமதித்தது. எங்கள் லயங்களில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "ஆள் வந்தால் பார்க்கலாம்" என்ற பதிலே கிடைத்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 20ஏ பிரிவு வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்குப் பெயர் சேர்க்கும் உரிமையைத் தந்தது, அதற்குப் படிவம் 6ஏ இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டுடன் இதே வாக்குச்சாவடிக்கு வந்து நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர்; வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர்தான், அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். கட்டட வேலை செய்யும் பையன் ஒரு ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுப்பானா? பதிலாள் மூலம் வாக்களிக்க வழி செய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு அவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. இதைத் தங்களால் மாற்ற முடியாது என்று தெரியும். தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக எங்கள் கருத்தை ஆணையத்துக்கு அனுப்பினால் போதும். தங்களால் முடிவது, அவன் விடுமுறையில் வரும்போது பட்டியலில் பெயராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

கேரளத்தில் இதற்கு முன் இப்படித் தீவிரத் திருத்தம் நடந்தது 2002இல்; தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ அந்தப் பட்டியலோடு இணைத்துக் காட்ட முடியாதவர்களிடம் ஆவணம் கேட்கிறார்கள். அந்த ஆவணப் பட்டியலை லயத்து விளக்கில் உட்கார்ந்து படித்தோம். வீட்டு ஒதுக்கீட்டுச் சான்று, நிலச் சான்று: கம்பெனி வீட்டுக்கு ஏது? அரசு ஊழியர் ஓய்வூதிய ஆணை: நாங்கள் அரசு ஊழியர் அல்லர். பள்ளி இறுதிச் சான்று: மூத்தவர்கள் பலர் அந்த வகுப்பையே எட்டவில்லை. சாதிச் சான்று கேட்டால் 1950க்கு முன்பே இங்கே குடியேறியதற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். 2021இல் எங்கள் தொகுதியில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் சாதித் தகுதியே 2023இல் உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்றாகி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் நிலைபெற்றது. அவருக்கே அந்தப் பாடு என்றால் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண் எந்த வக்கீலைப் பிடிப்பாள்? ஆதாரையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நல்லதாயிற்று, ஆனால் அது அடையாளத்துக்கு மட்டும்தான்.

கல்யாணமாகி இங்கே வந்த பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களின் தாய் தகப்பன் பெயர் தமிழ்நாட்டுப் பழைய பட்டியலில் இருக்கிறது. வேறு மாநிலப் பட்டியலையும் காட்டலாம் என்று விதி இருந்தும், "அது இங்கே பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு எங்கள் வட்டத்துப் பெட்டிமுடி லயங்கள் மீது மண் சரிந்து 70 உயிர்கள் போயின. அங்கே தப்பியவர்களிடம் போய் பள்ளிச் சான்றையும் பிறப்புச் சான்றையும் கேட்கலாமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

முந்தைய பட்டியல்களில் இருந்தவரை நீக்குவதற்கு முன் அவருக்குப் போதிய வாய்ப்புத் தர வேண்டும், குறிப்பிட்ட சில தாள்களை மட்டுமே காட்டச் சொல்லி நெருக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீகாரில் விடுபட்ட ஏறத்தாழ 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். அந்த முறையை இந்த மலைக்கும் கொண்டுவரக் கேட்கிறோம். விடுபட்டவர்களின் பெயரும் காரணமும் தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு டிவிஷனிலும் வேலை வருகைப் பதிவு நடக்கும் மஸ்டர் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இணையத்தில் போட்டிருக்கிறோம் என்பது டவர் கிடைக்காத லயத்துக்குப் பதிலாகாது.

விசாரணையை ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்துக்குள்ளேயே, தமிழ் தெரிந்த அலுவலரை வைத்து நடத்த வேண்டும். வேலை நாளில் கீழே இறங்கினால் அன்றைய கூலி போகும், ஜீப் வாடகை தனி. வெளிநாட்டில் இருப்பவருக்காகத் தாயோ தகப்பனோ மனைவியோ பாஸ்போர்ட் நகலுடன் ஆஜராவதை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டுப் பழைய பட்டியலின் நகலைத் தேனி, தென்காசி மாவட்ட நிர்வாகங்களுடன் பேசி இங்கேயே சரிபார்த்துத் தர வேண்டும். தோட்ட வேலைப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதிப் புத்தகம் ஆகியவற்றைக் குடியிருப்புக்குத் துணை ஆதாரமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பெயர் நீக்கத்தை எதிர்த்து முதல் மேல்முறையீடு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி தங்களிடம்தான் வரும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு தாளோடு பைனாவுக்கு வருவதைவிட, இறுதிப் பட்டியலுக்கு முன்பே ஓர் அலுவலரை இங்கே அனுப்புவது தங்களுக்கும் சுலபம். அவர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் விடுபட்டவர்களை மஸ்டர் ஆபீஸ் வாசலில் நாங்களே திரட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தேவிகுளம் வட்டத் தோட்ட லயங்களின் குடும்பத்தினர்

இணைப்பு: டிவிஷன் வாரியாக விடுபட்டவர்கள் பட்டியல், கையொப்பங்கள், வெளிநாட்டில் உள்ளோரின் பாஸ்போர்ட் நகல்கள்.