கடைசி அறையில் 94

ஸ்ரீரங்கம்,
ஐப்பசி அடைமழை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லையே என்று தங்கச்சி என்னைத் திட்டியிருப்பாள். உன் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதில் எனக்கு நிம்மதி. ஆனால் மாடியில் ரவுட்டர் லைட் எரிகிறதா என்று பார்க்க நாளுக்கு நாலு தரம் ஏறி இறங்குகிறாயாமே, அதை முதலில் நிறுத்து.

நீ கேட்டது இரண்டு. நெட் கம்பெனியை மாற்றலாமா? மாடியில் இருக்கும் மகனுக்குத் தனியாக இன்னொரு கனெக்‌ஷன் வாங்கணுமா? இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில்: வேண்டாம். முதலாவதுக்குத்தான் இந்த நீளக் கடிதம். ஏனென்றால் நான் ஆறு வாரத்துக்கு முன் மாற்றிவிட்டு, அசடு வழிய உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய கம்பெனியோடு என் சண்டை உனக்குத் தெரியும். மழை வந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. புகார் கொடுத்தால் ஒரு நம்பர் வரும். மறுநாள் ‘உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது’ என்று மெசேஜ் வரும். சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே எரியும். சித்திரைத் தேருக்காகத் தெருவின் குறுக்கே தொங்குவதையெல்லாம் அவிழ்த்தால், திரும்பக் கட்டும்போது என் ஒயர்தான் விட்டுப்போகும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேகம்தான். 100 எம்பிபிஎஸ் என்று காசு வாங்கிக்கொண்டு, இரண்டாங்கட்டில் உன் தங்கச்சியின் போனில் ஆறு, ஏழு. அவள் தன் அக்காவோடு வீடியோவில் பேச ஒவ்வொரு முறையும் கூடத்துக்கு ஓடி வரவேண்டும். என்னைப் பற்றிப் பேசவேண்டியதை அக்காவிடம் கூடத்தில் என் எதிரே நின்று எப்படிப் பேசுவது என்று அவளுக்கு வேறு கோபம்.

சரி, மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். அதில் மூன்று காரியம் உருப்படியாகச் செய்தேன், நீயும் அப்படியே செய். புதியது வந்து பத்து நாள் ஓடும்வரை பழையதை வெட்டவில்லை. ஒரு மாத வாடகை தண்டம்தான், ஆனால் மனசு நிம்மதி. ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்று ஆசை காட்டினார்கள். மாதக் கணக்கிலேயே கட்டினேன். (போர்டில் 600 என்று இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 708 என்று எடுத்துக்கொள். இதை அவர்கள் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள்.) பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்தோடு ரசீது வாங்கி பீரோவில் வைத்தேன்.

நாலாவது ஒன்று என் மகன் போனில் சொல்லிக் கொடுத்தது. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிடு. டிவி, பிரிண்டர், எல்லார் போனும் கம்பெனி மாறியது தெரியாமலே தானாக ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடித்து பாஸ்வேர்டு ஊட்டவேண்டும். டிவி ரிமோட்டில் பாஸ்வேர்டு அடிப்பதுபோல ஒரு தண்டனை கிடையாது.

புதிதாக எடுத்தது 200 எம்பிபிஎஸ். கூடத்தில் பெட்டி பக்கத்திலேயே லேப்டாப்பை ஒயரில் மாட்டிப் பார்த்தேன், 204 காட்டியது. பெருமையோடு இரண்டாங்கட்டுக்குப் போனேன். உன் தங்கச்சியின் போனில் எட்டு. கடைசி அறையில், சுவருக்குள் ஓடும் ஒயரில் நேராக மாட்டியிருக்கும் என் கம்ப்யூட்டரில் 94. மறுபடி பார்த்தால் 93. ராத்திரி பார்த்தால் 94. மாப்ளே, பழைய கம்பெனியிலும் அந்தக் கம்ப்யூட்டரில் இதே 94தான்!

புதுக் கம்பெனிக்கும் போன் போட்டுக் கத்தினேன். மறுநாள் ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒளியை அளக்கும் மீட்டர். அதை நெட் வரும் கண்ணாடி இழையில் மாட்டி மைனஸ் 19 என்று காட்டினான். மைனஸ் 27க்குக் கீழே போனால்தான் கவலையாம். “எங்க சைடு கிளியர் சார். எங்க ஸ்லோ, நம்பர் எவ்வளவு?” என்றான். 94 என்றதும் சிரித்தான். “தொண்ணூத்தி நாலா? அப்ப நெட் இல்ல சார், ஒங்க கேபிள்.”

நோயைக் கேட்ட மாத்திரத்தில் பேர் சொல்லும் நாட்டு வைத்தியன் மாதிரி இருந்தது. அவன் சொன்னது இதுதான். அந்த ஒயருக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பி இருக்கிறது, அதாவது நாலு ஜோடி. நூறு எம்பிபிஎஸ் வரை இரண்டு ஜோடி போதும். ஆயிரம் வரை போகவேண்டுமானால் நாலு ஜோடியும் வேண்டும். நாலும் சேராவிட்டால் இரண்டு பக்கப் பெட்டிகளும் பேசிக்கொண்டு நூறுக்கு இறங்கிவிடும். நூறில், தகவலோடு கூடவே போகும் முகவரி, தலைப்பு என்று கொஞ்சம் கழிந்து மிஞ்சுவது 94. 70, 80 என்று ஏறி இறங்கினால் வேறு கோளாறு. 94லேயே நங்கூரம் போட்டு நின்றால் ஒயர்தான்.

சுவரில் இருந்த பிளேட்டைக் கழற்றினான். ஆரஞ்சும் பச்சையும் ஒழுங்காக மாட்டியிருந்தன. பழுப்பு ஜோடியை வெட்டிச் சுருட்டி உள்ளே திணித்திருந்தது. நீல ஜோடி? அது பக்கத்தில் இருந்த பழைய டெலிபோன் சாக்கெட்டுக்குப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. 2006இல் உன் மகளை என்.ஐ.டி.யில் சேர்க்க வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாயே, அந்த வருடம் இழுத்த ஒயர் அது. அன்றைய மோடத்தில் ஒயர் மாட்ட ஒரே ஓட்டை. மகன் தன் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டிருந்தான். ஒன்றில் மோடம், இன்னொன்றிலிருந்து சுவர் வழியாக என் கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு டிக் போட்டால் அவன் கம்ப்யூட்டர் தனக்கு 192.168.0.1 என்று முகவரி வைத்துக்கொண்டு எனக்கு நெட்டைப் படியளக்கும். அவன் கோபித்துக்கொண்டு ஷட்டவுன் செய்தால் எனக்கும் போச்சு. நீ பாதி அனுப்பிய மெயில் அப்படித்தான் காணாமல் போனது. இரண்டு பேரும் அவனை முறைத்தோம். வேகம் 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ். 2004இல் அரசாங்கம் போட்ட கொள்கையே பிராட்பேண்டுக்கு அதைத்தான் குறைந்தபட்சம் என்று வைத்திருந்தது. ஒரு சிடி அளவு, 700 எம்பி இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று அதே அளவு அரை நிமிடம். அரை நிமிடத்துக்கும் நமக்குப் பொறுமை இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடம்தான் அப்பா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கடைசி அறையில் படுத்தார். கூடத்தில் போன் அடித்தால் அவரால் வர முடியாது. போனை அவர் தலைமாட்டுக்குக் கொண்டுபோக இன்னொரு ஒயர் இழுக்கணும். குழாயில் இடம் இல்லை என்றார் ஒயர்மேன். சும்மா கிடக்கும் நீல ஜோடியில் போனை விடலாம் என்று அவரேதான் யோசனை சொன்னார். ஒரே ஒயரில் என் நெட்டும் அப்பாவின் போனும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடின. அப்பா போன பிறகு லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டோம். சாக்கெட் மட்டும் சுவரில் தங்கிவிட்டது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் நான் கம்பெனிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பையன் இரண்டு முனையையும் வெட்டிப் புது முனை அடித்தான். ஒரு பக்கம் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருப்பதைப் பார்த்து, “இது கிராஸ் கேபிள் சார், யாரு அடிச்சது?” என்று ஆச்சரியப்பட்டான். கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராக மாட்ட அந்தக் காலத்தில் அப்படித்தான் அடிக்கணும். இப்போதைய பெட்டிகள் தாமே புரிந்துகொண்டு மாற்றிக்கொள்கின்றன, அதனால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. கடைசி அறையில் இப்போது 198.

உன் தங்கச்சியின் வைஃபைக்கு வருகிறேன். எங்கள் சுண்ணாம்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம் அகலம்; ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் துவண்டுவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் தெருவில் அத்தனை வீட்டு ரவுட்டரும் அதிலேயே கத்துகிறது. கம்பெனி மாறினால் சுவர் மாறுமா? பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்துக் கடைசி அறை ஒயரின் முனையில் மாட்டினோம். இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், நீ கவனமாகப் படி. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலை அது) அணைத்துவிடு. இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்று. பெரும்பாலும் புதியதும் 192.168.1.1இல்தான் உட்கார்ந்திருக்கும். ஒயரை வேன் (WAN) என்று எழுதிய ஓட்டையில் மாட்டாதே, லேன் (LAN) ஓட்டை ஒன்றில் மாட்டு. என் கம்ப்யூட்டர் அதற்குப் பக்கத்து ஓட்டையில். செலவு பூஜ்யம்.

உன் மாடிக்கும் இதே வைத்தியம்தான். கீழேயிருந்து ஜன்னல் ஓரமாக ஒரு ஒயர், மேலே ஒரு பழைய ரவுட்டர். ஹெச்டி படத்துக்கு ஐந்து எம்பிபிஎஸ் போதும், 4கே என்றாலும் இருபத்தைந்து; உன் நூறை உன் வீட்டார் எல்லாரும் சேர்ந்தாலும் தீர்க்க முடியாது. தனித்தனி கனெக்‌ஷன் வாங்கினால் இன்னொரு தொல்லை: கீழே இருக்கும் உன் பிரிண்டர் மாடி லேப்டாப்பின் கண்ணுக்கே தெரியாது. விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனியாகப் பிரிக்கும் கெஸ்ட் வைஃபையில் மகனை விட்டாலும் அதே கதிதான்.

தெருவிலும் பகிர்வுதான் என்றான் பையன். ஒரு கண்ணாடி இழையில் கீழ்நோக்கி இரண்டரை ஜிகாபிட், அதாவது சுமார் 2,500 எம்பிபிஎஸ் வருகிறது. அதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் ஓடுகிறது, நம் ஹாஸ்டலில் எண்பது பேருக்கு ஆறு பாத்ரூம் மாதிரி. காலை எட்டு மணிக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா!

கடைக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்கிறாயே, அதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறைய தீர்ந்து, அப்புறம் ரேஷன்தான். அதனால் பல வீட்டை ஒரே முகவரியின் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. கேமரா ஆப் வழியாகப் பார்ப்பதானால் பாதிப்பு இல்லை. ரெக்கார்டரை நேராகத் தொடுவதானால், ‘பப்ளிக் ஐபி (எனக்கென்று தனி முகவரி) தருவீர்களா, எவ்வளவு’ என்று பணம் கட்டும் முன்பே கேள்.

அப்படியானால் மாற்றலாமா என்றால், பெட்டி பக்கத்தில் ஒயரில் மாட்டிப் பார். அங்கே சரியாக இருந்தால் கம்பெனியைத் திட்டாதே. அங்கேயும் குறைந்தால் மாற்று. மழைக்குச் சிவப்பு விளக்கு என்றாலும் மாற்று. எனக்கு இந்த ஐப்பசியில் இதுவரை ஒருநாள்கூட எரியவில்லை. தலை தப்பியது, மாற்றியதற்கு அந்த ஒரு நியாயமாவது இருக்கிறது.

வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாகச் சொன்னாயே, மறக்காதே. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. கடலை மிட்டாய் எப்போதும்போல இரண்டு பாக்கெட், எனக்கு டாக்டர் தடை போட்டிருப்பது இங்கே யாரிடமும் சொல்லவேண்டாம். அப்புறம், உன் பரணில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே. பையில் வைத்து எடுத்துவா. கடைசி அறையில் உட்கார்ந்து செட் பண்ணித் தருகிறேன்.

உன்,
பழைய அறைத்தோழன்