அரிட்டாபட்டியின் இரவையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்: பல்லுயிர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலப் பல்லுயிர் வாரியத்தாருக்கு,

வணக்கம். 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, வல்லூறும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் செய்தியில் இடம்பிடித்தன. பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சி பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை. இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,300. அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கும் மேல். ஆகவே, தலத்தில் அந்துப்பூச்சிகளை முறையாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மழை ஓய்ந்த இரவில் பாறைச் சரிவில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்முன் பாதரச ஆவி விளக்கை எரியவிட்டால், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத பழுப்புப் பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும். அவற்றுள் இதுவரை பெயர் பெறாத இனம் இருக்கக்கூடும். ஆனால் கைபேசிப் படத்தை வைத்து அதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியாது. வயிற்றின் நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி இளக்கி, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பிறகே, ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பூச்சிகள் வெவ்வேறு இனங்கள் என்று பல வேளைகளில் தெரியவரும். அதற்குப் பூச்சி கையில் இருந்தாக வேண்டும்.

2000-ஆம் ஆண்டு முதல், புதிய இனத்தின் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், அதற்கு ஆதாரமான மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு அளவுகோலாகப் பாதுகாக்கப்படும் உயிரி மாதிரியை, வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதி. புதிய இனத்தின் சான்று மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது நம் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம். வெள்ளையர் காலத்தில் இங்கே பிடிக்கப்பட்ட பூச்சிகளின் மூல மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால், ஒப்பிட விரும்புகிற நம் மாணவர்கள் இன்றும் அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எனவே, அளவோடு மாதிரி சேகரிக்க அனுமதி கேட்டு வரும் ஆய்வாளர்களின் விண்ணப்பங்களைத் தாமதமின்றி முடிவு செய்யுங்கள். ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே செருகும் சிறு சீட்டில் 'மதுரை' என்று மட்டும் எழுதாமல் ஊர், குன்று, உயரம், நாள், பிடித்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்றும், அதன் விவரம் ஊரின் உயிரினங்களை ஊரார் துணையோடு பதிந்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஏற வேண்டும் என்றும் நிபந்தனை விதியுங்கள். பெயர் சூட்டுவது விவரித்து எழுதுபவரின் உரிமை. அதில் தலையிடச் சொல்லவில்லை. (ஊர்ப்பெயர் வைத்தால் மகிழ்வோம், அது வேறு.)

கணக்கெடுப்பு முடியும்வரை குடைவரைக் கோயில் பக்கம் உயர்கோபுர மின்விளக்கு எதற்கும் இசைவு தர வேண்டாம். வெளிச்சத்தைச் சுற்றியே அலையும் பூச்சிகளில் பல, இணை சேரும் முன்பே பல்லிக்கும் வௌவாலுக்கும் இரையாகிவிடுகின்றன.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துப் பூச்சி ஆர்வலர் ஒருவர்