முதுகுக்கு ஸ்க்ரூ போட்டீர்கள், வயிற்றை யார் பார்ப்பது?

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பும் கடலூர், புதுச்சேரி வட்டார மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் பண்ருட்டிப் பக்கம் ஒரு பையனைப் பார்க்கப் போயிருந்தேன். பலா பறிக்க ஏறி விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகில் ராடும் ஸ்க்ரூவும் அவ்வளவு நேர்த்தி, எக்ஸ்ரேயைப் பார்த்து அசந்துபோனேன். டிஸ்சார்ஜ் சீட்டிலோ, மோஷனைப் பற்றி ஒரே வரி: மலமிளக்கி, தேவைப்பட்டால். வயிறு முட்டுவதே தெரியாதவனுக்குத் தேவைப்படுவது எப்படி ஐயா தெரியும்?

அவன் தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டான். சாப்பாட்டைக் குறைத்துவிட்டான், தண்ணீரையும்தான். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது, அம்மா கை வைக்க வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு. மலம் கல்லாய் இறுகிவிட்டது. அதன் ஓரமாக நீர் கசிய, பேதி என்று நினைத்து மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்! ஈரத்திலேயே கிடந்து இப்போது படுக்கைப் புண் வேறு. இதெல்லாம் வருமென்று அந்தத் தாயிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "போகப் போகச் சரியாகிடும்மா" என்றார்களாம்.

மலம் வெளியேற்றவைக்கும் முறை உங்களுக்குத் தெரியாததா? தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில். சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் அசையும்போது உட்காரவைக்க வேண்டும். தண்டில் மேலே அடியென்றால் ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, அப்புறம் கையுறையில் ஜெல்லி தடவி விரலால் மெல்லச் சுற்றித் தூண்டுவது. கீழ்முனையில் அடியென்றால் அந்தத் தூண்டல் பலிக்காது, கையால்தான் எடுக்க வேண்டும். டி6, அதாவது நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு அளவிலோ அதற்கு மேலோ தண்டில் அடிபட்டவருக்கு மலம் தங்கினாலே பிரஷர் எகிறித் தலைவலியும் வியர்வையுமாக உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையாவது சொல்லி அனுப்பக் கூடாதா?

எனவே கேட்பது இதுதான்: டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளிக்கும் வீட்டாருக்கும் இதைச் செய்துகாட்டுங்கள். அவர்களையும் ஒருமுறை செய்யவைத்துப் பாருங்கள்.

வேலூருக்குப் போகச் சொல்வீர்கள். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர். 1966-லேயே அங்கே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. வேன் வைத்துப் போக வசதியுள்ளவர் போகலாம். மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகையில் டயப்பரும் கையுறையும் வாங்குகிறவர் எதில் போவார்? நடக்கவைக்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள், சந்தோஷம். மலம் வீடியோவுக்கு ஆகாது, அதனால் சிகிச்சையிலும் சேராது போலிருக்கிறது.

சரி, கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், எந்த முறை என்று சீட்டில் எழுதி, செய்துகாட்டி அனுப்புங்கள் என்று பணிவுடன் கேட்கிறேன். சொல்லித்தர ஆள் இல்லையென்றால் தகவல் கொடுங்கள், எங்களைப் போன்றவர்கள் வார்டுக்கே வருகிறோம். லிஃப்ட் மட்டும் ஓடட்டும்.

இப்படிக்கு,
வீல்சேரில் இருக்கும் ஒரு கடலூர்க்காரன்